நியாயமாக மூழ்கடிப்பது எப்படி

2071-ஆம் ஆண்டு செப்டம்பர் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு மேட்டுக் குடியேற்ற வாரியத்தின் வாகைமேடு அலுவலகத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நீள மேசையின் தலைமாட்டில், முதுகில் துண்டு விரித்த நாற்காலியில் இயக்குநர் சங்கரவடிவேல். அவருக்கு வலப்பக்கம், ஏசிக் காற்று நேரே முகத்தில் அறையும் இடத்தில் மென்பொருள் பொறியாளர் ஞானதிரவியம். இடப்பக்கம் ஓர் இடம் தள்ளி, குறைதீர் பிரிவுக் கண்காணிப்பாளர் செண்பகவல்லி. அவர் முன்னால் மெலிந்துபோன ஒரு கோப்பு. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எழுந்து போ என்றால் நாலு எட்டில் வெளியே போய்விடக்கூடிய இடத்தில் ஒப்பந்த அலுவலர் தளவாய். இயக்குநருக்கும் செண்பகவல்லிக்கும் நடுவே விட்டிருந்த அந்த ஓர் இடம் 'பொதுமக்கள் பிரதிநிதி' என்று பலகை வைத்த நாற்காலி. அதில் இயக்குநரின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

"மே மாசம் புகார் எத்தனைம்மா?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு சார்."

"ஜூலை ஒண்ணுலேருந்து இன்னைக்கு வரைக்கும்?"

செண்பகவல்லி கோப்பைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஒரு தாளும் இல்லை. "தூசி மட்டுந்தான் சார். அதையும் காலையில தட்டிட்டேன்."

இயக்குநர் மேசையைத் தட்டி மகிழ்ந்தார். மகிழக் காரணம் இருந்தது. கடல் ஊருக்குள் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கரையோரத்து ஜனங்களுக்கு மேட்டில் அறுநூற்று நாற்பது வீடு என்று அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் ஒன்பதாயிரம் குடும்பம். குலுக்கல் நடத்தினார்கள்; குடத்துக்குள் கைவிட்ட அதிகாரியின் கையைப் பிடித்துச் சோதனை போட்டது ஜனம். வரிசை வைத்தார்கள், வரிசையில் முதல் நூறு பேரும் ஒரே மாமனாருக்கு மருமகன்களாக இருந்தார்கள். கடைசியில் யாரோ ஒரு புத்திசாலி, வீட்டை விளையாட்டில் வைத்துவிடலாம் என்றார். திரையில் ஒரு வள்ளம், பன்னிரண்டு அலை. பன்னிரண்டையும் தாண்டிக் கரை சேர்ந்தால் வீட்டுச் சாவி. வாரியம் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, திறமை தேர்ந்தெடுக்கிறது. 'கரையேறு' என்று பெயரும் வைத்தாயிற்று. வந்த முதல் மாதமே ஜனங்கள் திரைகளை உடைத்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னையில் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் 'கடினம் பதப்படுத்துகிற' வேலையில் இருந்த தளவாயைக் கூப்பிட்டார்கள்.

"தளவாய், தலைமையகத்துக்கு அறிக்கை போகணும். நீங்க என்ன மந்திரம் போட்டீங்கன்னு எனக்கே இன்னும் விளங்கல. புரியிற மாதிரி சொல்லுங்க."

தளவாய் தொண்டையைச் செருமிக்கொண்டான். தன் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குக் காது சிவந்துவிடும்.

"சார், கஷ்டமான ஆட்டம் வேற, அழுகுணி ஆட்டம் வேற. கஷ்டத்துக்கு யாரும் கோவப்படறதில்ல. தோத்தவன் 'நான் பிசகிட்டேன்'னு சொன்னா அது நியாயமான ஆட்டம். 'என்னைப் பிசக வச்சிட்டான்'னு சொன்னா முடிஞ்சுது. செருப்பு வரும்."

"வந்துதே," என்றார் செண்பகவல்லி. "மே மாசம் ரெண்டு உறையில. ஒத்த ஒத்தையா."

"முன்னெல்லாம் அலை சொல்லாம கொள்ளாம வந்துது. இப்ப மூணு எண்ணுற நேரம் கடல் உள்வாங்கும், ஒரு ஆலாப்பறவை கத்தும், அப்புறந்தான் அலை. அடி வரப்போகுதுன்னு தெரிஞ்சு வாங்குனா அடி வலிக்காது சார். அடுத்தது, அஞ்சாவது அலைன்னா நேத்தும் இன்னைக்கும், எனக்கும் உங்களுக்கும், ஒரே அலை. ஆள் பாத்து மாறாது. அப்புறம், முங்குன அடுத்த நொடி வள்ளம் திரும்பக் கரையில நிக்கும். முன்ன, தோத்தா நாப்பது செகண்டு வாரியத்தோட பாட்டு ஓடும்..."

"அந்தப் பாட்ட எழுதுனது நான்தான்," என்றார் இயக்குநர்.

தளவாய் தன் நாற்காலியை வாசல் பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்திக்கொண்டான்.

"நல்ல பாட்டு சார். தோத்தவன் கேக்குற பாட்டு இல்ல, அவ்வளவுதான்."

"சரி, மேல சொல்லுங்க."

"எங்க பிசகுச்சுன்னு திரையிலயே காட்டிருவேன். 'மிக அருகில்! ஒரு நூலிழை தாமதம்'னு எழுத்து வரும். அதப் பாத்தா யாருக்கும் எழுந்து போகத் தோணாது சார். இன்னொரு வாட்டி ஏறிப் பாப்போம்னுதான் தோணும்."

இயக்குநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். "ஆக, வீடு கிடைக்கலன்னா அது அவங்க தப்பு."

"அப்படி அவங்களுக்கே தோணும் சார்."

"அடேயப்பா! எத்தனை காலமா அரசாங்கம் தேடிக்கிட்டிருந்த சாமான்யா இது!"

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு, கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். கூனித்துறை தஸ்நேவிஸ் மேரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"சார், அந்த வெளாட்ட சரிபண்ணுன சாரு நீங்கதான? மன்னிப்புக் கேக்க வந்தேன் சார்."

"என்கிட்டயா? எதுக்கும்மா?"

"அறுவத்தியொரு வாட்டி ஏறிட்டேன். பதினோரு அலை வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் போயிருவேன். பன்னெண்டுல முங்கிருதேன். நீங்க இவ்வளவு பக்குவமா சொல்லிக் குடுத்தும் என் கை கேக்க மாட்டேங்கு. உப்பளத்துல மரத்துப்போன கை சார். ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. கடலுகூட இவ்வளவு நியாயமா நடந்துக்கிடாது. அது சொல்லிட்டா வருது? ஒங்க அலைக்கு மானம் மரியாத இருக்கு."

தளவாய்க்குக் காது மறுபடி சிவந்தது. பதினைந்து வருஷத் தொழிலில் இப்படி ஒரு பாராட்டை அவன் வாங்கியதில்லை. "அவசரப்படாதீங்கம்மா, பழகப் பழக வந்துரும்" என்று சொல்லிவைத்தான்.

"வரணும் சார். தண்ணி உள்ள வருதுன்னு கட்டில் காலுக்கடியில மூணு செங்கலு வச்சிருந்தேன். ஆடிக்கு ஆறாச்சு. அதுக்கு மேல அடுக்குனா மகளால ஏறிப் படுக்க முடியாது, அவளுக்கு இது எட்டாம் மாசம். ஐப்பசி மழைக்கு முந்தி மேட்டுக்கு வந்துரணும். வந்துருவேன். இன்னும் ஒரு நூலிழதான?"

பொட்டலத்தை அவன் கையில் திணித்துவிட்டு, ஆட்டக்கூடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார், அறுபத்திரண்டாவது தடவை மூழ்குவதற்கு.

தளவாய்க்கு அந்தப் பன்னிரண்டாவது அலை மனதுக்குள் நெருடியது. பதினொன்றை இத்தனை லேசாகத் தாண்டுகிறவருக்கு அது இத்தனை முறை வழிவிடாமல் இருக்காது; இருந்தால் அளவில் கோளாறு. தன் அறைக்குப் போய்த் தானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தான். முதல் தடவை மூழ்கியதும் 'மிக அருகில்! ஒரு நூலிழை தாமதம்' என்று வந்தது. ஆமாம், கை கொஞ்சம் பிந்திவிட்டது என்று நினைத்தான். ஐந்தாவது தடவை மூழ்கியபோது விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எட்டாவது தடவை, காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று பட்டது. ஒன்பதாவது தடவைதான் தான் எழுதிய எழுத்தைத் தானே வாசித்து ஏமாந்துகொண்டிருப்பது உறைத்தது. பதிவேட்டைத் திறந்தான். ஜூலை இருபத்திரண்டுக்குப் பிறகு கரை சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

ஞானதிரவியம் கேன்டீனில் உளுந்த வடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

"ஞானம் அண்ணாச்சி, பன்னெண்டாவது அலையில என்ன கைவச்சீரு?"

"நான் ஒண்ணும் வைக்கல வே. எடுத்தேன்."

"எத?"

"ஜன்னல." ஜன்னல் என்று அவர்கள் சொல்வது, அலையைத் தாண்ட விசையை அழுத்த வேண்டிய அந்தக் கண்ணிமைப் பொழுதை. "அறுநூத்தி நாப்பதுன்னு அறிவிச்சாவ. கட்டுனது எரநூத்திப் பன்னெண்டு. கடைசிச் சாவி ஜூலை இருவத்திரண்டுல போயிட்டு. மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு, 'அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்தும்'னாரு. எவ்வளவுன்னு சொல்லல. எழுத்துல கேட்டா எழுத்துல பதில் வரணும், வராது. யோசிச்சுப் பாத்தேன், முழுசா சாத்திட்டேன்."

"வீடு தீந்துட்டுன்னு ஒரு பலகை வச்சிருக்கலாமே!"

"பலகை வச்சா மிச்ச நானூத்தி இருவத்தெட்டு எங்கன்னு கேப்பாவ. வெளாடிக்கிட்டிருக்கவன் கேப்பானா? அவன் ஒம்ம எழுத்தல்லா வாசிச்சிக்கிட்டிருப்பான். பெரிய வேல பாத்திருக்கீரு வே நீரு. வடை சாப்பிடுதீரா?"

தளவாய் சாப்பிடவில்லை. நேரே செண்பகவல்லியிடம் போனான். அந்த அம்மாள் விதிப்புத்தகத்தைப் பிரிக்காமலேயே சொன்னார்.

"விதி பதினாலு. ஒரு காலாண்டுக்குள்ள விண்ணப்பம் போட்ட ஆள்ட்டேயிருந்து ஒரு குறைகூட வரலன்னா, தேவை நிறைவேறிட்டுன்னு அர்த்தம். செப்டம்பர் முப்பதோட திட்டத்த மூடிருவாங்க. மிச்ச வீட்டுக்கு ஒதுக்குன நிலம் இருக்கில்லா, அதுல அலுவலர் மனமகிழ் மன்றம் வருது. டென்னிஸ் ஆடுறதுக்கு. வரைபடம்கூட வந்தாச்சு."

"ஒரே ஒரு புகார் வந்தா?"

"வந்தா மூட முடியாது. வெளியேருந்து குழு வரும், ஆட்டத்தப் பிரிச்சுப் பாக்கும். ஆனா தம்பி, தாள்ல கையால எழுதிப் பதிவு அஞ்சல்ல வரணும். பழைய விதி, யாரும் மாத்தல. பொத்தாம் பொதுவா 'வீடு குடுக்கல'ன்னு எழுதுனா குப்பைக்குப் போகும். ஒரு அலுவலர் பேரச் சொல்லி, அவரு செஞ்சதக் கண்ணால பாத்தேன்னு இருக்கணும்."

"இயக்குநர் பேர எழுதுனா?"

"அவரு ஜன்னல் சாத்தச் சொன்னத எந்த விண்ணப்பதாரர் கண்ணால பாத்தாரு?" செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "இன்னொண்ணும் கேட்டுக்கிடுங்க. எந்த அலுவலர் பேரு வருதோ அவருக்கு அன்னைக்கே இடைநீக்கம். குடியிருப்பையும் காலி பண்ணணும்."

தளவாயின் குடியிருப்பு மேட்டில் நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கடல் அழகாகத் தெரியும். அழகாகத் தெரியும் தூரத்தில் இருப்பதற்குத்தான் ஒன்பதாயிரம் குடும்பம் அலை தாண்டிக்கொண்டிருந்தது.

நேர்வழியைத்தான் அவன் முதலில் முயன்றான். மறுநாள் ஆட்டக்கூடத்தில் தஸ்நேவிஸ் மேரியைத் தனியாகக் கூப்பிட்டு, பன்னிரண்டாவது அலையை யாராலும் தாண்ட முடியாது, ஒரு புகார் எழுதுங்கள் என்றான்.

அவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லுதீய."

"இல்லம்மா, சத்தியமா அது மூடிக் கிடக்கு!"

"மூடிக் கிடந்தா எப்பிடி சார் ஒரு நூலிழைன்னு வரும்? நேத்து ஒரு வாட்டி பாத்தேனே, வள்ளத்து மூக்கு அந்தப் பக்கம் போயிட்டு. தோத்தது நான். அடுத்தவிய மேல பழி போட்டு வீடு வாங்குனா அதுல மாதா படத்த மாட்ட முடியுமா?"

கூடத்தில் இருந்த இன்னும் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்தான். ஒருவர் தன் கண்ணாடியைக் குறை சொன்னார். ஒருவர் இடக்கைப் பழக்கத்தை. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், தன் வாழ்நாள் முழுக்கவே தான் எதிலும் ஒரு நூலிழை தாமதம்தான் என்று சொல்லிக் கண்கலங்கினார். புகார் எழுத ஒருவரும் தயாரில்லை. அத்தனை நியாயமாக மூழ்கியிருந்தார்கள்.

இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை, இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனைவி உலகம்மையிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். சட்னியை நகர்த்தி வைத்தாள். "ஆபீஸ்ல பழைய அட்டப்பெட்டி கெடந்தா எடுத்துட்டு வாங்க. பாத்திரம் கட்டணும்" என்றாள்.

பத்தரை மணிக்குத் தன் வழக்கமான ஏழாம் எண் திரையில் தஸ்நேவிஸ் மேரி உட்கார்ந்தபோது, பக்கத்து எட்டாம் எண்ணில் தளவாய் உட்கார்ந்திருந்தான். ஏழாம் எண்ணில் மட்டும், தான் மூன்று மாதமாகக் கட்டியதை அவன் காலையில் அவிழ்த்திருந்தான். ஆலா கத்தாது. கடல் உள்வாங்காது. அலை இஷ்டத்துக்கு வரும்.

முதல் அலையிலேயே வள்ளம் கவிழ்ந்தது.

"ஏ யம்மா! என்ன இது, கை வேர்த்துட்டோ," என்று சேலையில் துடைத்துக்கொண்டார் அவர்.

இரண்டாம் தடவையும் முதல் அலை. "ராத்திரி சரியா தூங்கல. அதான்." மூன்றாம் தடவை, விசையைத் தொடுவதற்கு முன்பே, கரையில் நின்ற வள்ளம் மணலோடு மூழ்கியது. தஸ்நேவிஸ் மேரி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உக்காந்த மொற சரியில்லன்னு நெனைக்கேன்."

இந்த அம்மாளுக்குள் தான் ஊட்டிய நியாயம் இத்தனை ஆழம் இறங்கியிருக்கும் என்று தளவாய் எதிர்பார்க்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. யாரும் தொடாமலே வள்ளம் ஓடும்படி காலையில் மாற்றிவைத்திருந்த தன் திரையில் ஆட்டத்தைத் தொடங்கினான். பிறகு இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு, அவர் பார்க்கும்படி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். எட்டாம் எண்ணில் வள்ளம் தானாக ஓர் அலையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. ஏழாம் எண்ணில் அதே அலைக்கு இன்னொரு வள்ளம் மூழ்கியது. அவன் கொட்டாவி விட்டான். அவன் வள்ளம் ஐந்தாவது அலையின் முதுகில் ஏறி இறங்கியது.

தஸ்நேவிஸ் மேரியின் பார்வை அவன் திரைக்குப் போனது. அங்கிருந்து அவன் கைக்கு. மறுபடி திரைக்கு.

"சார்."

"என்னம்மா?"

"கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீய."

"ஆமா."

"ஒங்க வள்ளம் போவுது."

"ஆமா. என் வள்ளம் அப்படித்தான்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அழுகுணி ஆட்டமால்லா இது! ஒங்களுக்கு ஒரு அலை, எனக்கு ஒரு அலையா? எழுவது வாட்டிக்கு மேல ஏறுனவ சார் நானு! எளா, எல்லாரும் இங்க வாங்க, இந்த அநியாயத்தப் பாருங்க! எங்க எழுதிக் குடுக்கணும்? தாளு யாருட்ட இருக்கு?"

தாள் தளவாயிடம் இருந்தது. பேனாவும் இருந்தது.

அஞ்சலகம் அதே தெருவில்தான். பசைக் குப்பியும் நூலில் கட்டிய பேனாவும் இருந்த சாய்மேசையில் தாளை விரித்து, அழுத்தி அழுத்தி எழுதினார் தஸ்நேவிஸ் மேரி. தளவாய் என்னும் அலுவலர், செப்டம்பர் 28 காலை, ஏழாம் எண்ணில் அலையை மாற்றி வைத்து, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு தான் மட்டும் அலை தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன். தளவாய் பின்னால் நின்று, "தேதிக்குப் பக்கத்துல நேரமும் போடுங்கம்மா. விதி பதினாலுன்னு மேல எழுதுங்க. விண்ணப்ப எண்ண விட்டுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர் பேனாவை நிறுத்தினார். "ஒங்க பேர எழுத நீங்களே வழி சொல்லுதீய. என்ன சார் நடக்கு?"

சொன்னான். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, சாத்திய ஜன்னல், முப்பதாம் தேதி, டென்னிஸ் மைதானம். இந்தத் தடவை அவர் நம்பினார். ஒரு தரம் ஏமாற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டவருக்கு மற்றதை நம்புவது லேசாக இருந்தது. உள்ளங்கையைத் திருப்பி, மரத்துப்போன விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கை நல்ல கைதான்."

"நல்ல கைம்மா."

"சாத்துனது அந்தப் பெரியவரு. 'மிக அருகில்'னு எழுதிப் போட்டது யாரு?"

தளவாய் பசைக் குப்பியைப் பார்த்தான். "நான்தான்."

"சாத்துனது தெரியாமலா போட்டீய?"

"போட்டப்ப தெரியாது. தெரிஞ்ச பெறகும் பத்து நாளா எடுக்கல."

தஸ்நேவிஸ் மேரி தலையை ஆட்டினார். "இன்னைக்குக் கையக் கட்டிக்கிட்டு செஞ்சத மன்னிச்சிருவேன் சார். அது மூஞ்சிக்கு நேரா செஞ்சது. ராவெல்லாம் கெடந்து என் கைய நானே திட்டுனேன் பாருங்க, அத எழுதாம விட்டா இந்தக் கடிதாசி பொய்யில்லா?"

தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் முழுக்க எழுதினார். தளவாய் எட்டிப் பார்க்கவில்லை. எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, நான்காக மடித்து உறைக்குள் வைத்தார். பசையைத் தாராளமாகத் தடவி, ஓரம் விடாமல் கட்டைவிரலால் நீவி ஒட்டினார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அஞ்சலக அம்மாள் உறையைத் தராசில் வைத்தபடி முகவரியை வாசித்தார். "குறைதீர் பிரிவா? இங்கருந்து அங்க ஒரு கடிதாசி போயி மூணு மாசத்துக்கு மேல ஆச்சே! யாரு மேல புகாரு?"

தஸ்நேவிஸ் மேரி தாடையால் காட்டினார். "இந்தா பக்கத்துல நிக்காவல்லா, இவிய மேலதான்."

அஞ்சலக அம்மாள் தளவாயை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். அவன், ஆமாம் என்று தலையசைத்தான். முத்திரை ஓங்கி விழுந்தது. உறை சாக்குப்பைக்குள் போயிற்று. பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, அரக்கு வைத்து, வாசலில் உறுமிக்கொண்டு நின்ற பன்னிரண்டு மணி வண்டியில் தூக்கிப் போட்டார்கள்.